புதுச்சேரி ஆசிரமப் பள்ளி: வகுப்புக்கு வெளியே நடக்கும் கல்வி

கடலூரில் விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளியின் நிர்வாகத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் தேர்வே கிடையாது, பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள், ஆனாலும் ஒழுங்காக வளர்கிறார்கள் என்கிறார்கள். அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? எங்கள் விடுதியில் அதைக் கொண்டுவர முடியுமா? தேர்வை எடுத்துவிட்டால் போதுமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போதாது. தேர்வை மட்டும் எடுத்துவிட்டால் உங்கள் விடுதியில் அடுத்த வாரமே யாரும் புத்தகத்தைத் தொட மாட்டார்கள். பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரிசையில் நிற்பார்கள். அந்தப் பள்ளியில் தேர்வு இல்லாமலிருப்பதைத் தாங்கிப் பிடிப்பது வேறொன்று. பிள்ளைகளோடு ஒரே சமையலில் சாப்பிட்டு, ஒரே மைதானத்தில் ஓடி, சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தும் ஒரு பெரியவர் கூட்டம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆரோவில் வேறு, ஆசிரமப் பள்ளி வேறு. ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட சர்வதேச நகரம். அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கு தனியே பள்ளிகள் உண்டு. நீங்கள் கேட்பது புதுச்சேரி நகரத்துக்குள், கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியில் இயங்கும் ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம். இரண்டுக்கும் மூலம், அரவிந்தரோடு சேர்ந்து ஆசிரமத்தை நடத்திய மிரா அல்பாசா, எல்லோரும் ‘அன்னை’ என்று அழைப்பவர், என்றாலும் நடைமுறை தனித்தனி. பஸ்ஸில் வரும் பாதிப்பேர் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றைப் பார்த்ததாக ஊருக்குப் போய்ச் சொல்கிறார்கள்.

இந்தப் பள்ளி, பள்ளி தொடங்க வேண்டும் என்று யாரோ திட்டம் போட்டுத் தொடங்கியதல்ல. அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்தார். ஆசிரமம் என்று ஒன்று 1926 நவம்பரில்தான் முறையாக உருவானது. அதன்பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அது துறவு மனம் கொண்ட பெரியவர்களின் இடம். குழந்தைகளுக்கு அங்கு இடமில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துவிட்டார்கள்; கல்கத்தாவில் குண்டு விழுந்தது; கிழக்குக் கரை முழுவதும் பயம். ஆசிரம அன்பர்கள் பலர் குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்கள். குடும்பம் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள். வந்த பிள்ளைகளைத் தெருவில் விட முடியாது. 1943 டிசம்பர் 2 அன்று ஏறக்குறைய இருபது பிள்ளைகளோடு அன்னை பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியர்களில் அவரும் ஒருவர்.

ஒரு சமூகம் ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருந்தது; அதற்குள் பள்ளி வந்து குடியேறியது. நம் பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் கட்டடம், அங்கீகாரம், சேர்க்கை. அதன்பின் வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி. அதற்கு ஒரு காப்பாளர். சமூகம் என்பது ஆண்டு மலரில் வரும் சொல்.

அரவிந்தரின் சொந்தப் பிள்ளைப் பருவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஐந்து வயதில் டார்ஜிலிங் லொரேட்டோ கான்வென்ட் விடுதி, ஏழு வயதில் இங்கிலாந்து, லண்டன் செயின்ட் பால் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜ். 1893இல் திரும்பி வரும்வரை பதினான்கு ஆண்டுகள் வீட்டு வாசனை தெரியாமல் வளர்ந்தவர். பரோடாவில் கல்லூரி ஆசிரியராக இருந்தார். 1906இல் வங்காள தேசியக் கல்லூரியின் முதல்வரானார். கற்பித்தல் பற்றி அவர் 1910இல் ‘கர்மயோகின்’ இதழில் எழுதிய கட்டுரைகளில் மூன்று கருத்துகள் உண்டு. எதையும் வெளியிலிருந்து ஊட்டிவிட முடியாது, ஆசிரியர் வழி காட்டுபவர் மட்டுமே. பிள்ளையின் மனத்தைக் கேட்டுத்தான் அதன் வளர்ச்சியை நடத்த வேண்டும். அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதற்குப் போக வேண்டும். விடுதியில் மற்றவர்கள் போட்ட அச்சில் வார்க்கப்பட்ட ஒருவர் இப்படி எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

1950 டிசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தார். அடுத்த ஏப்ரல் 24 அன்று சியாமா பிரசாத் முகர்ஜி தலைமையில் கடலோர டென்னிஸ் மைதானத்தில் ஒரு மாநாடு கூடி, அவர் நினைவாக ஒரு பல்கலைக்கழக மையம் அமைக்க முடிவு செய்தது. 1952 ஜனவரி 6 அன்று அன்னை அதைத் தொடங்கிவைத்தார். 1959இல் இன்றைய பெயர் வந்தது. மழலையர் வகுப்பு முதல் கல்லூரி வயது வரை எல்லாம் ஒரே அமைப்புக்குள். நிர்வாகத்தைப் பல ஆண்டுகள் பார்த்தவர் பவித்ரா. பிரான்சில் பிறந்த பொறியாளர், இயற்பெயர் பிலிப் பார்பியே சேன்ட்-இலேர்.

இனி வாழ்க்கைக்கு வருவோம்.

நம் மனத்தில் விடுதி என்றால் நீண்ட கூடம், வரிசைக் கட்டில்கள், வாசலில் காப்பாளர் அறை, அதில் தொங்கும் ஒரு மணி. இங்கே அப்படி ஒரே கட்டடம் கிடையாது. பழைய பிரெஞ்சுத் தெருக்களில் அங்குமிங்கும் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் குழுக்களாகத் தங்குகிறார்கள். வீட்டுக்கு வீடு பொறுப்பாளர் உண்டு. அவர் அங்கேயே வாழ்பவர், பணி நேரம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புபவர் அல்லர். ஆசிரமக் கட்டடங்கள் எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாக ஒரே சாயலில் இருப்பதால் வெளியூர்க்காரருக்கு எது விடுதி, எது அலுவலகம், எது மருந்தகம் என்று தெரியாது. வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து உணவுக்கூடத்துக்கு, அங்கிருந்து மைதானத்துக்கு என்று பிள்ளைகள் சைக்கிளில் நகரத்துக்குள்ளேயே போய் வருகிறார்கள். சுற்றுச்சுவர் எழுப்பி அதற்குள் பிள்ளைகளைப் பத்திரப்படுத்தும் முறை இல்லை, வீதிதான் வளாகம். இன்றைய போக்குவரத்து நெரிசலில், அதுவும் சனி ஞாயிறுகளில் சென்னைக் கார்கள் குவியும்போது, இது எத்தனை நாளைக்கு என்ற கவலை எனக்கு உண்டு.

உணவுக்கூடம் பாரதி பூங்காவுக்கு அருகில் இருக்கிறது. பழைய காலத்து மாளிகை. 1934 முதல் அங்கேதான் ஆசிரமத்துக்குச் சாப்பாடு. சைவம், எளிமை, ஆசிரம ரொட்டிக்கடையின் ரொட்டி, சோறு, பருப்பு, காய், வாழைப்பழம், தயிர். காரம் தேடும் நம் நாக்குக்கு இரண்டாம் நாளே ஊறுகாய் நினைவு வரும். ஆனால் அங்கு கவனிக்க வேண்டியது சுவையை அல்ல. எழுபது வயது ஆசிரமவாசியும், பாடம் நடத்தும் ஆசிரியரும், மாணவரும் ஒரே சமையலைச் சாப்பிடுகிறார்கள். ஆசிரியருக்குத் தனிச் சாப்பாடு, தனி மேசை என்று கிடையாது. அவரவர் தட்டை அவரவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நம் விடுதிகளில் மெஸ் சாம்பாரைப் பற்றி நூறு புகார் வரும். சாம்பாரைச் சாப்பிடாதவர்கள்தான் அந்தப் புகாரை விசாரிப்பார்கள். இங்கே அந்த வாய்ப்பே இல்லை.

ஆசிரியர்களை ‘சார்’, ‘மிஸ்’ என்று அழைப்பதில்லை. வங்காள, குஜராத்தி வழக்கப்படி தாதா, தீதி, பாய், பென் என்று பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அதாவது அண்ணன், அக்கா. கல்விக் கருத்தரங்கில் யாரோ சொன்ன புதுமை இல்லை இது. ஒரே வீட்டில் வாழ்பவர்கள் எப்படி அழைத்துக்கொள்வார்களோ அப்படி.

இப்போது மைதானம். இந்தப் பள்ளியின் உயிர் எங்கே என்று என்னைக் கேட்டால் வகுப்பறையைக் காட்ட மாட்டேன், மைதானத்தைத்தான் காட்டுவேன்.

1945இல் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த பிரணாப் குமார் பட்டாசார்யா என்ற இளைஞர் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அன்னை அவருக்கு முழு ஆதரவு கொடுத்தார். சில ஆண்டுகளில் உடற்கல்வி ஒரு துறையாக வளர்ந்தது; பிரணாப் அதற்குத் தலைவரானார். ‘பிளேகிரவுண்ட்’ என்று எல்லோரும் சொல்லும் அந்த முற்றத்தின் சுவரில் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் பெரிய வரைபடம் இன்றும் இருக்கிறது. அதன் முன் நின்றுதான் அன்னை அணிவகுப்பைப் பார்வையிடுவார். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு அவர் கையால் வேர்க்கடலை கொடுத்தது அந்தத் தலைமுறையினர் சொல்லிச் சொல்லி மகிழும் செய்தி. அவர் பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகும், எண்பதை எட்டும் வரை, கடலோர டென்னிஸ் மைதானத்தில் இளைஞர்களோடு ஆடினார்.

யோகம் செய்ய வந்த இடத்தில் ஓட்டப்பந்தயம் எதற்கு என்று ஆசிரமத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. அரவிந்தரே அதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. 1949 பிப்ரவரி 21 முதல் உடற்கல்விக்கென்றே ஒரு காலாண்டிதழ் வெளிவந்தது. அவருடைய கடைசி உரைநடைக் கட்டுரைகள் சில அதற்காக எழுதப்பட்டவை. தத்துவஞானி ஒருவர் தம் கடைசி ஆண்டுகளில் ஒரு விளையாட்டு இதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் பள்ளிகளில் பி.டி. பீரியட் வந்தால் கணக்கு ஆசிரியர் சாக்பீஸோடு உள்ளே வந்துவிடுவார்.

பெண்பிள்ளைகள் கதை இன்னும் கூர்மையானது. 1940களின் இறுதியிலேயே அவர்கள் வெள்ளைச் சட்டை, அரைக்கால் சட்டை, தலைமுடியைக் கட்டிவைக்கும் துணித்தொப்பி அணிந்து ஆண்பிள்ளைகளோடு அதே பயிற்சிகளைச் செய்தார்கள். ஓட்டம், நீச்சல், கம்பி விளையாட்டு, குத்துச்சண்டை எதிலும் ஆணுக்கொரு பாடத்திட்டம், பெண்ணுக்கொரு பாடத்திட்டம் என்று பிரிக்கவில்லை. தாவணி போட்ட பிறகு பெண் வாசற்படி தாண்டக் கூடாது என்றிருந்த காலத்தின் புதுச்சேரி அது. வெளியிலிருந்து வந்த முகச்சுளிப்பை அன்னை பொருட்படுத்தவில்லை.

வயதுக்கேற்ற குழுக்கள், குழுவுக்கொரு நிறத்தில் கால்சட்டை. குழந்தைகள் குழுவில் தொடங்கிப் பெரியவர்கள் குழு வரை எல்லாம் உண்டு. காலையில் இயற்பியல் நடத்தியவர் மாலையில் கால்சட்டை போட்டுக்கொண்டு அதே மைதானத்தில் நிற்கிறார். அங்கு அவருக்குப் பயிற்றுநராக இருப்பவர் அவருடைய பழைய மாணவராகவே இருக்கலாம். ஆண்டு முழுவதும் தடகளம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், குழு விளையாட்டுகள் என்று பருவம் பருவமாகப் போட்டிகள் நடக்கும். ஆண்டு உச்சம், பள்ளி தொடங்கிய நாளான டிசம்பர் 2. அன்று மாலை ஆசிரம விளையாட்டரங்கில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து கூட்டுப் பயிற்சி காட்டும். பொடிப் பிள்ளைகள் முதல் நரைத்த தலைகள் வரை ஒரே இசைக்குக் கைகால் அசைப்பார்கள். அந்த இசையைப் பல ஆண்டுகள் அமைத்தவர் சுனில் பட்டாசார்யா. அவரும் அதே பள்ளியில் பாடம் நடத்தியவர். முந்தைய நாள், டிசம்பர் 1, நாடகத்துக்கு. அன்னை எழுதிய நாடகங்களே அந்த மேடையில் ஏறியிருக்கின்றன. நடிப்பவர், ஒளியமைப்பவர், துணி தைப்பவர் எல்லாம் உள்ளூர்க் கைகள்தான்.

வகுப்பறைக்கு இப்போது வருகிறேன். ‘சுதந்திர முன்னேற்றம்’ என்று அன்னை சொன்ன முறை இது: பழக்கமும் சம்பிரதாயமும் முன்கூட்டி வைத்த எண்ணங்களும் இழுத்துச் செல்லாமல், பிள்ளையின் அந்தராத்மா காட்டும் வழியில் முன்னேற விடுவது. உடல், பிராணன் என்ற உயிர்ச்சக்தி, மனம், அந்தராத்மா, ஆன்மா என்ற ஐந்து பகுதிகளும் வளர வேண்டும் என்பது அடிப்படை. கேட்பதற்கு மேடைப் பேச்சுப் போலிருக்கும். நடைமுறையில் என்ன? கீழ் வகுப்புகளில் பாடவேளை, பாடம், வீட்டுப்பாடம் எல்லாம் உண்டு. மேலே போகப் போகப் பிடி தளரும். உயர்நிலைப் படிப்பில் மாணவரே தனக்கான பாடத்தையும் ஆசிரியரையும் தேர்ந்து, உட்கார்ந்து பேசித் திட்டம் வகுத்து, அதன்படி படித்து எழுத வேண்டும். ஒரு ஆசிரியருக்கு இரண்டு மூன்று மாணவர்களே இருக்கும் பாடங்கள் சாதாரணம். ஒரே ஒரு மாணவர் இருக்கும் பாடமும் உண்டு.

பொதுத்தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. தேர்வு என்பது நினைவாற்றலையும் அந்த நேரத்துச் சாமர்த்தியத்தையும் அளக்கிறதே தவிர, பிள்ளை உண்மையில் புரிந்துகொண்டதை அளப்பதில்லை என்பது அன்னையின் நிலை. ஆனால் எல்லா ஆசிரியரும் ஒரே நாளில் தலையாட்டிவிடவில்லை. 1960களில் பழைய வகுப்பு முறையும் புதிய முறையும் பள்ளிக்குள் அருகருகே நடந்தன. எது சரி என்று ஆசிரியர்கள் அன்னைக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்வி பதில்களில் பெரும்பகுதி அச்சில் கிடைக்கிறது. உங்களைப் போல் பள்ளி நடத்துபவர்கள் அவற்றைப் படிக்க வேண்டும். தத்துவத்துக்காக அல்ல, சோம்பேறி மாணவனை என்ன செய்வது, வகுப்பில் பேசிக்கொண்டே இருப்பவளை என்ன செய்வது என்ற அன்றாடத் தலைவலிகள் அங்கும் அப்படியே இருந்தன என்று தெரிந்துகொள்வதற்காக.

மொழி ஏற்பாடு தனி. கணக்கும் அறிவியலும் பிரெஞ்சில். வரலாறு, இலக்கியம் போன்றவை ஆங்கிலத்தில். கூடவே தாய்மொழியும் சமஸ்கிருதமும். 1954 நவம்பர் வரை புதுச்சேரி பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர்; அன்னை பாரிஸில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பிரெஞ்சு இயல்பாகவே வந்திருக்கும். ஆட்சி மாறிய பின்னும் அதை விடவில்லை என்பதுதான் செய்தி. ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை வடிவியலைப் பிரெஞ்சில் கற்று, விடுதியில் வங்காளம் பேசி, கடைத்தெருவில் தமிழில் பேரம் பேசும்.

தண்டனை கிடையாது. பிள்ளையைத் திட்டுவதையும் பயமுறுத்துவதையும் அன்னை வன்மையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். பெரியவர் முதலில் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கட்சி. அப்படியானால் கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது? இதைத்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள். பாதி மைதானத்திலிருந்து வருகிறது. அணிவகுப்பில் வரிசை பிசகினால் தெரிந்துவிடும். நீச்சலில் ஏமாற்ற முடியாது. மீதி, சுற்றியிருக்கும் கண்களிலிருந்து. சைக்கிளில் ஒரு திருப்பத்தில் வேகமாகத் திரும்பினால் பேர் சொல்லிக் கூப்பிடும் யாராவது ஒரு தீதி அங்கே நிற்பார். இந்தக் கண்களில் இருக்கும் நெருக்கடியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் வளரும் பிள்ளைக்குத் தப்பிக்க மூலை கிடையாது.

இப்போது ஆசிரியர்கள். முக்கியமான முடிச்சு இங்கேதான். ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்கள் ஆசிரமவாசிகள், உணவும் இருப்பிடமும் மருத்துவமும் ஆசிரமம் தரும், சோப்பு, துணி போன்றவை மாதத்தின் முதல் நாளில் ‘பிராஸ்பெரிட்டி’ என்ற பிரிவில் கிடைக்கும். அவர்களில் பலர் அதே பள்ளியில் படித்து, வெளியே போகாமல் தங்கியவர்கள். ஆறு மணிக்குப் பஸ் பிடிக்க வேண்டும், டியூஷன் நடத்த வேண்டும், வீட்டுக் கடன் கட்ட வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு இல்லை. ஒரு மாணவருக்காக ஒரு மணி நேரம் ஒதுக்க அவர்களால் முடிவது, அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் விலை போடாததால்தான். சில நூறு பிள்ளைகளுக்கு இத்தனை ஆசிரியர்களைச் சம்பளம் கொடுத்து வைத்தால் எந்த நிர்வாகமும் ஒரே ஆண்டில் கடையைக் கட்டிவிடும். தேர்வு என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு கண்காணிப்புச் செலவுக் குறைப்பு. அறுபது பிள்ளைகளை ஒருவர் அறிந்துகொள்ள முடியாது, ஆகவே தாள் திருத்தி எண்ணால் அறிகிறோம். பிள்ளையைப் பெயரால் அறிய ஆட்கள் இருக்கும் இடத்தில் எண் தேவைப்படவில்லை.

பட்டம் இல்லாததை நம்மவர்கள் வியந்து பேசும்போது எனக்கு வேறொரு விடுதிப் பள்ளி நினைவுக்கு வரும். அது உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளைக் கூட்டிவந்து தங்கவைத்து, சோறு போட்டு, எழுத்துச் சொல்லிக்கொடுத்த இடம். அங்கே படித்த பிள்ளைக்குச் சான்றிதழ் என்பது வெறும் தாள் அல்ல. முன்னால் யாருக்கும் திறக்காத அலுவலகக் கதவு. அந்தப் பிள்ளையிடம் போய் ‘பட்டம் எதற்கு, ஆன்ம வளர்ச்சி போதாதா’ என்று கேட்பது கொடுமை. ஆசிரமப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய முதல் தலைமுறைக் குடும்பங்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள். சான்றிதழைத் துறக்கும் நிலைக்கு அவர்கள் ஏற்கனவே வந்திருந்தார்கள். இரண்டு பள்ளிகளையும் நான் மதிக்கிறேன். உங்கள் விடுதியில் பெரும்பாலும் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் என்றால், நீங்கள் நந்தனார் பள்ளி வகைக்குத்தான் நெருக்கம். பொதுத்தேர்வை நீங்கள் கைவிடக் கூடாது.

குறைகளையும் சொல்லாமல் விட முடியாது. உள்ளூர்த் தமிழருக்கும் ஆசிரமத்துக்கும் இடையே எப்போதும் ஒரு வாய்க்கால் தூரம் இருந்திருக்கிறது. வங்காளமும் குஜராத்தும் ஒடிசாவும் பள்ளியில் ஓங்கித் தெரியும். தமிழர்கள் அதன் அச்சகத்திலும் பண்ணையிலும் சமையலிலும் கூலிக்கு வேலை செய்பவர்களாக அதிகம் தெரிவார்கள். 1965 பிப்ரவரி 11 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நாள்களில், ஆசிரமக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. ஆசிரமம் இந்திக்காகக் கொடி பிடித்த இடமல்ல. இருந்தும் கல் அங்கே விழுந்தது. அந்தக் கோபத்துக்கு மொழி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பாரதியாரின் துணையோடு தமிழ் கற்று, ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஒருவருடைய பெயரில் இயங்கும் பள்ளிக்கு ஊரோடு இவ்வளவு இடைவெளி வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தமிழ் அங்கு கற்பிக்கப்படுகிறது, மறுக்கவில்லை; அது பள்ளியின் மூச்சாக இருக்கவில்லை.

இன்னொன்று. அன்னை 1973 நவம்பர் 17 அன்று மறைந்தார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் எழுதிக் கேட்டுப் பதில் பெற்று வளர்ந்த ஒரு நிறுவனம், கேட்க ஆளில்லாமல் போனபின் பழைய பதில்களையே வேதமாகப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்தப் பதில்களில் பல, ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்காக, ஒரு குறிப்பிட்ட நாளில் எழுதப்பட்டவை.

சரி, உங்கள் விடுதிக்கு எது உதவும்? வாரியத் தேர்வை வைத்துக்கொண்டே அரவிந்தர், அன்னை வழியில் நடக்கும் பள்ளிகள் இருக்கின்றன. டெல்லியில் 1956இல் தொடங்கிய மதர்ஸ் இன்டர்நேஷனல் பள்ளி மத்திய வாரியப் பாடத்திட்டத்தில்தான் இயங்குகிறது. ஒடிசாவில் இந்தப் பெயரில் நூற்றுக்கணக்கான சிறு பள்ளிகள் நடக்கின்றன, பெரும்பாலும் எளிய ஊர்களில். ஆகவே எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டியதில்லை.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் மெஸ்ஸிலிருந்து தொடங்குவேன். காப்பாளரும் ஆசிரியர்களும் தாளாளரும் பிள்ளைகள் சாப்பிடும் அதே சோற்றை அதே நேரத்தில் சாப்பிடட்டும். அறுபது கட்டில் கூடத்தைத் தடுத்துப் பதினைந்து பேர் கொண்ட வீடுகளாக்குங்கள். வீட்டுக்கு ஒரு ஆசிரியர் குடும்பத்தைக் குடிவையுங்கள். அதற்கு வாடகை வாங்காதீர்கள். மாலை ஒன்றரை மணி நேரத்தை மைதானத்துக்கு ஒதுக்கி, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்கும் அதை ரத்து செய்யாமல் காப்பாற்றுங்கள். பெற்றோர் கூட்டத்தில் சண்டை வரும், தெரிந்தே செய்யுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் அதே ஒன்றரை மணி நேரம், அதே பயிற்சி. ஆசிரியர்களையும் கால்சட்டை போட வையுங்கள். இதுதான் இருப்பதிலேயே கடினமானது, ஊதிய உயர்வைவிட இதற்கு அதிகம் பேச வேண்டியிருக்கும். ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை மாதத் தேர்வைக் குறைத்துப் பார்க்கலாம். அதுவும் வீடும் மைதானமும் ஓராண்டு ஓடி நிலைத்தபின்.

நேரில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. கல்வியாண்டு அங்கே டிசம்பர் 16 அன்று தொடங்கி அக்டோபர் இறுதியில் முடியும். நவம்பரில் போனால் வகுப்புகள் இருக்காது. பள்ளி சுற்றுலா இடமல்ல, வகுப்புக்குள் எட்டிப் பார்க்க விட மாட்டார்கள். முன்கூட்டி எழுதி அனுமதி வாங்க வேண்டும். டிசம்பர் 2 நிகழ்ச்சிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். உடற்கல்வி ஆசிரியரை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், கணக்கு ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.